சாட்சி சொல்ல முடியாதவர்கள்

கொடைக்கானல் இன்றைய ஊராக வளர்ந்ததற்கு முதல் காரணம் நோய். மதுரைச் சீமையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845இல் பழனி மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டி, உடல் தளர்ந்தவர்களை மேலே அனுப்பத் தொடங்கினார்கள். ஜெபத்தில் குறை வைத்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனாலும் படுத்துவிட்டவரிடம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிச் சமவெளி வெயிலிலேயே விட்டுவிடவில்லை. குளிர்ந்த காற்று, தூக்கம், சாப்பாடு, ஓய்வு எல்லாம் கடவுளின் கையிலிருந்து வருபவைதான் என்று ஏற்றுக்கொண்டு மலையேறினார்கள்.

உடம்புக்குக் கிடைத்த இந்த இரக்கம் மனத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது? அதே மலையில் இன்று நாயுடுபுரத்தில் ஒரு வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மனச்சோர்வில் கிடக்கிறார், கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம் கிறிஸ்தவச் சமூகம் அவருக்குச் சொல்லும் ஆறுதலைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அதன் பலம். சபையார் வருவார்கள். இதைச் சிறிய விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம். சீசன் கூட்டம் இறங்கிப்போன பிறகு, மழையும் மூடுபனியும் சூழ்ந்த நவம்பர் மாலையில், சரிவுப் படிகளில் ஏறி வந்து கதவைத் தட்டுபவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? கத்தோலிக்கர் என்றால் அன்பியம் என்ற பங்குக் குழுவின் பெண்கள் ஜெபமாலையோடு வருவார்கள். சி.எஸ்.ஐ. என்றால் போதகர் ஐயர் வருவார், பெந்தெகொஸ்தே என்றால் பாஸ்டரும் நான்கு சிஸ்டர்களும் வருவார்கள். ‘அக்கா, சாப்டீங்களா?’ என்று கேட்பார்கள். ஒரு தூக்கில் ரசம் வரும். தனித்துப்போவது மனச்சோர்வின் காரணமும் விளைவுமாக இருக்கும் நிலையில், இந்த வருகையே பாதி மருத்துவம். மனநல மருத்துவரைப் பார்க்க மதுரைக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சபையோ அடுத்த தெருவில் இருக்கிறது.

வந்து உட்கார்ந்த பிறகு என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்க் கிறிஸ்தவ ஆறுதலுக்கு ஓர் அச்சு உண்டு. அது சாட்சி. இருளில் இருந்தேன், ஆண்டவர் தொட்டார், வெளிச்சம் வந்தது. இந்த அச்சின் புகழ்பெற்ற முன்மாதிரி சுவிசேஷகர் டி.ஜி.எஸ். தினகரனின் வாழ்க்கை. 1955இல், வேலையின்றி நொந்து, உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு போன இளைஞரை வழியில் அவருடைய மாமா சந்தித்துப் பேசியதும், அந்த நாள் அவர் வாழ்வையே திருப்பியதும் அவரே பலமுறை மேடையில் சொன்னவை. அதிலிருந்து இயேசு அழைக்கிறார் ஊழியமும், துக்கத்தில் இருப்பவர்கள் எந்த நேரமும் அழைத்து ஜெபிக்கக் கேட்கும் ஜெப கோபுரமும் வளர்ந்தன. நள்ளிரவில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருந்ததால் எத்தனையோ பேர் விடியும்வரை தாக்குப்பிடித்திருப்பார்கள். அந்த நன்மையை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கதையில் திருப்பம் ஒரே நாளில் வருகிறது. நாள்பட்ட மனச்சோர்வு அப்படித் திரும்புவதில்லை. ஓரளவு தெளியும், மறுபடி மூடும். மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். சிலருக்கு ஆயுள் முழுவதும் அது வந்து வந்து போகும். ஒரே நாளில் விடுதலை என்ற அச்சில் இவர்களை வார்க்கப் பார்த்தால் உடைவது அவர்கள்தான். மூன்று உபவாச ஜெபம் முடிந்தும் முகம் தெளியவில்லையென்றால் வந்தவர்களின் குரல் மெல்ல மாறும். ‘மனசுல ஏதாவது பாவம் மறைச்சு வெச்சிருக்கீங்களா?’ என்று ஒருவர் கேட்பார். பிசாசின் போராட்டம் என்பார் இன்னொருவர். மாத்திரையை நம்புகிறீர்களா ஆண்டவரை நம்புகிறீர்களா என்ற கேள்வியும் வரும். இதைத்தான் நான் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறேன். காரணமே இல்லாமல் தன்னைக் குற்றவாளியாக உணர்வது மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. ஏற்கெனவே அந்தக் குற்ற உணர்வில் அழுந்திக் கிடப்பவர் தலையில் வேதத்தின் பெயரால் இன்னொரு குற்றத்தை ஏற்றுவது கொடுமை. அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தியவர் முன்னிலும் மோசமாக விழக்கூடும்.

இத்தனைக்கும் வேதாகமம் இந்த அச்சுக்குள் அடங்குவதே இல்லை. எலியா சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தேவதூதன் அவனிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான். அதற்கும் கண்டிப்பு இல்லை. மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது, கடைசியில் கடவுளே அவர்கள் பேச்சைத் தவறு என்றார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எண்பத்தெட்டாம் சங்கீதம் வெளிச்சத்துக்கே வராமல் இருளில் முடிகிறது. அதை யாரும் தொகுப்பிலிருந்து நீக்கவில்லை. ஆனால் புத்தாண்டு இரவு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் வருவதில்லை. ஒப்பாரியை ஒரு கலையாகவே வளர்த்த தமிழர்கள், கோயிலுக்குள் வந்ததும் புலம்பலுக்கு மட்டும் இடம் தராமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

விசுவாசம் போய்விட்டது என்று சொல்பவரை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். மனச்சோர்வு பல உணர்ச்சிகளை ஒருசேர மரத்துப்போகச் செய்யும். காபி ருசிக்காது, பேரக்குழந்தையின் சிரிப்பு எட்டாது, ஜெபத்தில் எதிர்முனையில் யாரும் இல்லை என்று தோன்றும். அப்படியென்றால் கெட்டுப்போனது நம்பிக்கை அல்ல, அதை உணரும் திறன். இதை யாராவது எடுத்துச் சொன்னால் பலருக்கு மூச்சு வரும். ஆனால் எல்லாரும் அப்படியல்ல. சிலர் நன்றாக யோசித்து, வேதனையோடு, நம்ப முடியவில்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவது அவர்களை அவமதிப்பது. அவர்கள் திரும்பி வந்தால்தான் தூக்கில் ரசம் என்றால், அது ஆறுதலே அல்ல.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், சிறு இடைவெளி தவிர, கடவுளின் அருகாமையை உணராமலே வாழ்ந்திருக்கிறார். அவருடைய இருளை மனச்சோர்வு என்று பெயரிட நான் துணியமாட்டேன். இரண்டும் ஒன்றல்ல, அவர் ஓய்வின்றி உழைத்தவர். ஆனால் அவருக்கு உதவிய ஆறுதல் எது என்பது நமக்கு முக்கியம். 1961 வாக்கில் யோசேப் நாய்னர் என்ற இயேசு சபைக் குரு, இது உங்கள் தவறல்ல, இதற்கு மனிதர் கையில் மருந்தில்லை, கடவுளுக்காக ஏங்குவதே அவர் இருப்பதன் அடையாளம் என்ற பொருளில் சொன்னார். இருளை விரட்டுவதாக அவர் வாக்களிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தம் இருளை ஏற்க முடிந்தது என்று அன்னை எழுதினார்.

நாயுடுபுரத்து வீட்டுக்குத் திரும்பினால், வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கட்டும். சரியாகிவிட்டதா என்று விசாரிக்காமல், ஆறு மாதம் கழித்தும் அதே தூக்கோடு வரட்டும். ஜெபிக்கட்டுமா என்று முதலில் கேட்கட்டும், வேண்டாம் என்றால் பேசாமல் உட்காரட்டும். மதுரைக்குப் போகும் நாளில் ஒருவர் துணைக்குப் பேருந்து ஏறட்டும், மற்றொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடக் கூடாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைச் சபைச் சுவரில் வாக்குத்தத்த வசனத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, ‘எனக்கு இன்னும் சரியாகல, மாத்திரை சாப்பிடுறேன், ஜெபம் பண்ண முடியல’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அதற்கும் சபை ஆமென் சொல்ல வேண்டும்.