பில்லாவும் கபாலியும் ஒரு டூரும்

கள்ளக்குறிச்சி நண்பர் வீட்டில் மலேசியா டூர் பிளான். ‘‘எங்கெல்லாம் போறீங்க?’’ என்றேன். ‘‘பில்லாவுல வந்த இடமெல்லாம் அங்கிள்!’’ என்றான் மகன்.

2007-ல் வந்த ‘பில்லா’ மலேசியாவை அழகாகத்தான் காட்டியது. கண்ணாடிக் கட்டடங்கள், கறுப்பு கோட்டுகள், பத்துமலையில் 140 அடி முருகன் முன்னால் ஒரு ஆட்டம். ஆனால், அந்த முருகனுக்குக் காவடி எடுக்கும் தமிழன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான்? படம் மூச்சுவிடவில்லை. ரப்பர் தோட்டத்தையும் கூலியையும் பேச 2016-ல் ‘கபாலி’ வர வேண்டியிருந்தது. கோட்டுக்குக்கூடக் காரணம் சொன்னது அந்தப் படம். என்ன, பாதிக்கு மேல் துப்பாக்கிச் சத்தத்தில் அந்தக் கதை காதில் விழவில்லை!

நாமும் பில்லா கட்சிதான் சார். கல்வராயன் மலைக்குப் போனால் மேகம் அருவியில் குளிக்கிறோம், திரும்புகிறோம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறோமா?

நான் பி.காம்.காரன். போட்ட காசுக்கு வரவு பார்ப்பேன். மலேசியாவுக்குத் தாராளமாகப் போங்கள். முருகனோடு போட்டோ எடுத்த கையோடு, பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பாட்டியிடம், ‘‘உங்க தாத்தாவுக்கு எந்த ஊர்?’’ என்று கேளுங்கள். அந்தக் காலத் தென்னாற்காட்டிலிருந்து கப்பலேறியவர்கள் ஏராளம்.

பதில் உங்கள் பக்கத்து ஊராக இருக்கலாம்!