தலையெழுத்தும் கையெழுத்தும்

துன்பத்தை வாய்விட்டுச் சொன்னால் நெஞ்சின் பாரம் குறையும் என்பர் நம் முதியோர். எழுதினாலும் குறையுமோ? இவ்வினாவுக்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பேராக்கின் ரப்பர் தோட்டமொன்றில் ஒரு லயத்துக் கதவைத் தட்டினால் போதும்.

1942-இல் ஜப்பானியர் சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் இணைத்து முடித்தனர். அவ்வேலைக்கென மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையானோர் பல்லாயிரவர். மாண்ட மேனாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு பெயர்க்கல் அமையவில்லை.

இத்துயரம் நம்மிடையே முதலில் இரு வடிவங்களில் தங்கிற்று. ஒன்று கிராணியின் செக்ரோல். மற்றொன்று பெண்களின் ஒப்பாரி. செக்ரோலில் பெயர் உண்டு, கண்ணீர் இல்லை. ஒப்பாரியில் கண்ணீர் உண்டு, நாளும் காரணமும் இல்லை. என் பாட்டியின் தகப்பனார் சயாம் சென்று மீளாதவர். பாட்டியைக் கேட்டால், “எல்லாம் தலையெழுத்து, தம்பி” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். தலையெழுத்தாவது! அவர் பெயரை ஆள் பட்டியலில் சேர்த்தது ஒரு மனிதனின் கையெழுத்தன்றோ? அதே வேலையைச் செய்து பிழைக்கும் கிராணியாகிய எனக்கு இது உறுத்துகிறது.

1986-இல் வெளியான ஓர் ஆய்வில் பென்னபேக்கர் என்னும் அமெரிக்க உளநூலார் மாணவர் சிலரைத் தம் வாழ்வின் பெருந்துயரைப் பற்றி நாளுக்குக் கால் மணி நேரமாக நான்கு நாட்கள் எழுதச் செய்தார். எழுதிய அன்று மனம் மேலும் வாடிற்று. ஆயினும் பின்வந்த மாதங்களில், நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. வெறும் நிகழ்ச்சியை எழுதினோர்க்கு அப்பயன் கிட்டவில்லை.

செக்ரோலையும் ஒப்பாரியையும் இணைத்ததே நம் நாவலாசிரியர் செய்த தொண்டு என்பது என் துணிபு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இலும் வெளிவந்தன. இவற்றில் செய்தி மிகுதி, கலை குறைவு என்று குறை கூறுவோர் இருக்கலாம். பெயர்க்கல்லும் பெறாத மக்களுக்குச் செய்தியே முதல் மரியாதை என்பதை அன்னார் எண்ணிப் பார்ப்பாராக.

ஆங்கிலத்தில் கல்வி பயின்ற நான், அதே பாதையில் வதைபட்ட எரிக் லோமக்ஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியின் நூலை முதலிற் படித்தேன்; நம்மவர் நூல்களைப் பின்னரே அறிந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. படிப்பும் பேனாவும் கைவசமிருந்த லோமக்ஸின் நூல்கூட 1995-இல்தான் வெளிவந்தது. ஆகவே ஐம்பதாண்டு மௌனத்துக்குக் கல்லாமை ஒன்றே காரணமன்று. கேட்பார் இன்மையும் காரணமாம். தம்மை வதைத்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளராயிருந்த நாகாசேயை 1993-இல் அவர் நேரிற் கண்டார். மருத்துவ உதவியும் பெற்றார். எழுத்து மட்டுமே அவரை ஆற்றிவிடவில்லை.

நம் நாவல்கள் வந்தபோது துன்புற்றவருட் பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் புண்ணை அந்நூல்கள் ஆற்றின என்று நான் சொல்லத் துணியேன். ஆறக்கூடியது மக்களின் புண், பேரர்களின் புண். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் சிதறிய பின்னர், அன்று குழந்தைகளாயிருந்தவர் தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ ஆங்காங்கே உள்ளனர். அன்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை அவரருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். பெயரையும் எழுதுங்கள், கண்ணீரையும் எழுதுங்கள். நானும் பாட்டியிடம் செல்கிறேன்.