காமன் திடலும் கலைக்கூடமும்

மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டு மாதத்தில் மாத்தளையில் நிறைவுற்றது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்த நம் முன்னோர், பசிக்கும் பேதிக்கும் பலரைப் பலிகொடுத்து, மலையகத்தின் வாயிலாகக் கண்ட ஊர் இதுவே. நடைபயணம் முடிந்தது. ஆனால், எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ வாழும் பதினைந்து வயதுப் பிள்ளை மாலையில் சென்று ஆடவும் பாடவும் வரையவும் ஓர் இடம் உண்டா என்ற கேள்வி முடியவில்லை.

இளைஞர்க்குக் கலைக்கூடம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எத்தகைய கூடம், அதனுள் யார் நுழைவார், யார் வாயிலில் நிற்பார் என்று கேட்டால்தான் பேச்சுத் தடுமாறுகிறது.

நம் தோட்டங்களில் கட்டடமில்லாத கலைக்கூடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது காமன் திடல். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றியதும், பகலெல்லாம் மலையில் உழைத்த வாலிபர் இரவில் அங்கே கூடுவர். பாட்டையும் ஆட்டத்தையும் வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். கட்டணமில்லை, சான்றிதழுமில்லை. கதை யாவரும் அறிந்ததே. சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர், ரதி தடுக்கின்றாள், அவன் போகின்றான், எரிகின்றான். ஏவியவர் பத்திரமாயிருக்க, ஏவலை நிறைவேற்றப் போனவன் சாம்பலாகும் இக்கதையை, பெரட்டுக்களத்தில் கட்டளை கேட்டு நின்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏன் ஆடினர் என்று விளக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ரதியின் புலம்பலுக்கு லயத்துப் பெண்கள் அழுதது புராணத்துக்காக மட்டும் அழுத அழுகையன்று.

படித்த உலகம் இதனை எவ்வாறு நோக்கியது? 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்துக்குப் புது வாழ்வு அளித்தார். 1962 இல் மேடையேறிய 'கர்ணன் போர்' அப்பணியின் பெருங்கனிகளுள் ஒன்று. அத்தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கிழக்குக் கரையின் கூத்தை வரவேற்ற அப்பேராதனையைச் சூழ்ந்த மலைகளிலேதான் காமன் கூத்தும் ஆடப்பட்டது. அதற்கு அத்தகைய அரங்கு அன்று கிட்டவில்லை. உழைப்பவனின் கலை, தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் வெறும் சடங்காகக் கருதப்பட்டது.

இன்றைய பள்ளியும் இக்குறையைப் போக்கவில்லை. அழகியல் பாடமென நம் மாணவர் கற்கும் இசை கர்நாடக சங்கீதம்; நடனம் பரதம். இரண்டும் உயர்ந்த கலைகளே. ஆனால் அவற்றைக் கற்கும் பிள்ளை, தன் பாட்டனின் தப்பைக் கலையென எண்ணக் கற்பதில்லை. பரீட்சைத் தாளில் கூத்தைப் பற்றி எழுதுவான். திடலில் இறங்க நாணுவான். அந்த நாணத்தைக் கற்பித்தவர்களில் ஆசிரியராகிய நாமும் அடக்கம்.

மாத்தளைக்கு அருகே, அலுவிகாரையில், வேறொரு முயற்சி நிகழ்ந்தது. ஏனா டி சில்வா அம்மையார் தம் குடும்பத்து மண்ணிலேயே பத்திக், தையல், பித்தளை வேலைகளுக்குப் பட்டறைகள் அமைத்துக் கிராமத்துப் பெண்களைக் கைவினைஞராக்கினார். அவருடைய பத்திக், பெந்தோட்டை ஹோட்டலின் கூரையையும் அலங்கரித்தது. கலை கூலியும் தரவேண்டும் என்ற உண்மையை அங்கே காண்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் கொழும்புக் கடைக்குப் புறப்படும் நம் பையனுக்கு இது சிறிய செய்தியன்று. எனினும், ஓர் அம்மையாரின் பரந்த உள்ளமும் பரம்பரை நிலமும் வாய்த்த இடத்தில் நிகழ்ந்தது அது. லயத்து இளைஞனுக்கு இவ்விரண்டில் எது உண்டு?

காமன் திடலைப் புகழ்ந்ததால், அதன் குறைகளை மூடி மறைப்போம் என்று வாசகர் கருத வேண்டா. அத்திடலுக்கு வேலிகள் இருந்தன. தப்படிப்பது ஒரு சாதியின் கடமையாக்கப்பட்டது. அவன் அடித்தால்தான் கூத்து, ஆனால் கூத்தின் மரியாதை அவனுக்கில்லை. ரதியாக ஆண்பிள்ளை புடைவை உடுத்தி ஆடினான். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண் ஓரத்தில் அமர்ந்து பார்த்தாள். மக்கள் கலை என்பதனாலேயே இவற்றையும் போற்றிக் காப்போமாயின், நிலமானியக் கழிவைக் கண்ணாடிப் பேழையில் வைத்தவர் ஆவோம். நாம் வேண்டும் கூடத்தில் ஒரு பெண்பிள்ளை தப்பைத் தோளில் மாட்ட வேண்டும். அதைப் பிடிக்கும் கையின் சாதியை எவரும் கேட்கலாகாது. அயற் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் நகரத்து முஸ்லிம் பிள்ளையும் தத்தம் தாளங்களோடு அங்கே வரவேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. யார் கைக்கு மாறினாலும், அங்கே உழைக்கும் குடும்பம் ஒரு கூரை போடவும் இன்னொருவரின் அனுமதியை நாட வேண்டியதாயிற்று. பூட்டிய மண்டபங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறித்தவர் போய்விடுவார். சாவி அலுவலகத்தில் தொங்கும். அலுவலகம் மூடிய பின்னரே பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் தொடங்கும். ஆகவே, கட்டட வரைபடத்தைக் கேட்குமுன், தோட்டக் கமிட்டியும் பெற்றோரும் ஆசிரியரும் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: நிலத்தின் உறுதி யார் பெயரில் இருக்கும்? மாலை ஆறு மணிக்குச் சாவி எந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்?