இரண்டாவதாக வந்தவன்

2011இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வெடித்த ஹார்னஸ் பந்தய ஊழலை 'கிரீன் லைட்' என்கிறார்கள். ஓட்டுநர் உட்கார்ந்த இருசக்கர வண்டியைக் குதிரை இழுத்தோடும் பந்தயம் அது. எந்தக் குதிரைக்கு ஊக்கமருந்துச் சோதனை இல்லை என்ற தகவல், சோதிக்க வேண்டிய அதிகாரிகளிடமிருந்தே காசுக்குப் போயிருக்கிறது. அதுதான் பச்சை விளக்கு.

நான் வாசித்தவற்றில் பல, 'பேராசை' என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுகின்றன. அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

இந்தப் பந்தயத்தின் பழைய தில்லுமுல்லு ஒன்றுக்கு 'மில்க்ஷேக்' என்று பெயர். கேட்க ருசியாத்தான் இருக்கு. ஆப்ப சோடாவைக் கரைத்து, மூக்கு வழியே குழாய்விட்டுக் குதிரையின் வயிற்றில் இறக்குவது. தசையில் சேரும் அமிலத்தை அது மட்டுப்படுத்தும், குதிரை சீக்கிரம் களைக்காது என்பது நம்பிக்கை. ரத்தத்தில் உள்ள மொத்தக் கார்பன் டை ஆக்சைடின் அளவை வைத்துப் பிடிக்கிறார்கள்.

ஆப்ப சோடா என்ன விலை? நாலு குதிரை வைத்திருக்கும் சின்னப் பயிற்சியாளருக்குத் தோற்றாலும் தீனிச் செலவு நிற்காது. பக்கத்துக் கொட்டகைக்காரன் ஊற்றுகிறான் என்று சந்தேகம் வந்தாலே போதும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'நான் மட்டும் ஏன் முட்டாளா இருக்கணும்?' அந்தக் கேள்வியை அடக்கிவைத்திருந்தது சோதனைதான். அதைத்தான் விற்றார்கள். பேராசை விற்றவனுக்குப் பொருந்தலாம். வாங்கியவனிடம் பயமும் இருந்திருக்கும்.

எதுவும் ஊற்றாமல் ஓட்டி, இரண்டாவதாக வந்தவன் ஒருவன் இருப்பானே? நான் வாசித்த எதிலும் அவனைக் காணோம்.