ஓடாமலே தோற்றவர்கள்

கோன் இச்சிகாவாவின் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ 1965-இல் தயாரானபோது, ஜப்பானிய மந்திரி ஒருவர் அது சரியான பதிவாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மந்திரியின் ரசனை எப்படியோ போகட்டும். பதிவு என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், எனக்கும் ஒரு குறை தென்படுகிறது. ஆனால் அது மந்திரி கண்ட குறை அல்ல.

இச்சிகாவாவின் மனசு ஜயித்தவர்களைவிடத் தோற்றவர்களிடம்தான் லயிக்கிறது. சாட் நாட்டிலிருந்து வந்த அகமத் ஈசா 800 மீட்டர் ஓட்டத்தில் அரை இறுதியோடு நின்றுவிட்டார். காமிரா அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாவலாசிரியன் செய்ய வேண்டிய காரியத்தை அங்கே சினிமா செய்துவிட்டது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால், மைதானத்துக்கு வெளியே தோற்றவர்கள்? படத்தின் தொடக்கத்தில் சூரியனைக் காட்டியதும், ஒரு பெரிய இரும்புக் குண்டு கட்டடங்களை மோதி இடிக்கிறது. மிகவும் துணிச்சலான ஆரம்பம். சுவர் விழுகிறது, அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படம் கேட்பதில்லை.

1964 போட்டியை முன்னிட்டு டோக்கியோவில் மேம்பாலச் சாலைகள் அவசர அவசரமாக எழும்பின. நிலம் வாங்க நேரமில்லாததால் பல இடங்களில் ஆற்றின் மேலேயே போட்டார்கள். நீருக்கு நஷ்ட ஈடு தரவேண்டியதில்லை அல்லவா? ட்சுகிஜி ஆற்றின் நீரை வடித்துவிட்டு, அதன் படுகையிலேயே சாலை அமைத்தார்கள். 1911-இல் கட்டிய நிஹோன்பாஷி கல்பாலத்துக்கு 1963 முதல் வானமே இல்லாமல் போயிற்று. அந்த மேம்பாலத்தை எடுத்துவிட்டுச் சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோக இப்போது வேலை நடக்கிறது, 2040-இல்தான் முடியுமாம்.

மனிதர் கதை இன்னும் மோசம். 1964-க்காக வீடிழந்தவர்களில் சிலர், பிறகு மைதானத்தை ஒட்டிய கசுமிகாவோகா குடியிருப்பில் குடியேறினார்கள். 2021-இல் நடந்த அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் புது மைதானம் கட்டுவதற்காக அதுவும் இடிக்கப்பட்டது. இளமையில் ஒரு தடவை, முதுமையில் ஒரு தடவை!

கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவன் கடன் பத்திரத்தையும் படம் பிடிக்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். சாதாரணப் புகைப்படக்காரனிடம் நான் அதை எதிர்பார்க்க மாட்டேன். தனியாகச் சாப்பிடும் ஈசாவைக் கண்டுகொண்ட கலைஞரிடம் எதிர்பார்க்கிறேன். வீடிழந்த ஒருவரிடமும் அவர் காமிரா அப்படி ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம்.