புன்னை என்னும் தங்கை

சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். முதல், கரு, உரி எனப் பொருள்களை வகுத்தும், ஐந்திணைக்கும் உரிய மரம், புள், விலங்கு ஆகியவற்றைத் தொகுத்தும் அவர்கள் செய்துள்ள பணி பெரிது. ஆயினும், இப்பாடல்களை இளைஞர் கையில் தரும்போது நாம் அட்டவணையைத் தந்து பாடலை மறைத்துவிடுகிறோமோ என்னும் ஐயம் எழுகின்றது. நெய்தல் நிலத்து மரம் புன்னை என்று ஒப்பிக்கும் சிறுவன், அம்மரத்தோடு ஒரு குடும்பம் எவ்வாறு உறவு கொண்டாடியது என்பதை அறிவதில்லை. அவ்வுறவைக் காட்டுவது நற்றிணையின் 172ஆம் பாடல்.

பாடியவர் பெயர் தெரியவில்லை. பகற்பொழுதில் தலைவியைக் காணப் புன்னை நிழலுக்கு வரும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். முன்னொரு நாள் ஆயத்தாரோடு விளையாடிய சிறுமியர் புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்தினர், பின்பு மறந்தனர். அது முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர். அன்னையோ, ‘இப்புன்னை நும்மினும் சிறந்தது, நும் தங்கை’ என்று பாராட்டினாள். தங்கை அருகில் நிற்க, காதலனோடு எவ்வாறு நகைத்து மகிழ்வது? நாணமாக இருக்கின்றதே! வேறு நிழலும் இங்கு உண்டு என்கிறாள் தோழி.

நிகழ்ச்சிகள் அமைந்த வரிசையை நோக்குக. முதலில் விளையாட்டு, அடுத்து மறதி, பின்பு முளை கண்ட வியப்பு, அதன்பின் பேணுதல். பேணிய பின்னரே உறவுப்பெயர் வருகின்றது. உறவு வந்த பின்னரே நாணம் வருகின்றது. மரத்தைக் காத்தல் கடமை என்று அன்னை ஓரிடத்தும் அறிவுரை கூறவில்லை. குழந்தைகள் தாமே செய்த செயலுக்கு அவள் ஒரு பெயர் சூட்டினாள், அவ்வளவே. அந்த ஒரு சொல் அவர்கள் கன்னியராய் வளர்ந்த பின்னும் அவர்கள் ஒழுக்கத்தை ஆள்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தோழியின் நோக்கம் தலைவனைத் திருமணத்திற்குத் தூண்டுதலே. புன்னை தங்கை என்பது அதற்குரிய சாக்கு அன்றோ எனலாம். சாக்கு என்றே கொள்வோம். கேட்பவன் நம்பக்கூடியதாக இருந்தால் அன்றோ அது சாக்காகப் பயன்படும்? மரத்தை உடன்பிறப்பாகக் கருதுதல் அச்சமுதாயத்தில் நகைப்புக்கு இடமானதாயின் தோழியின் சூழ்ச்சி பலித்திராது. எனவே மறுப்பே நம் கருத்துக்கு அரணாகின்றது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை நம் பாடநூல்கள் விரும்பிப் போற்றுகின்றன. அது வள்ளன்மையின் உச்சம். ஆனால் தேர் உடையவன் செய்த செயல் அது. பத்து வயதுச் சிறுமி அதனை வியக்கலாம், பின்பற்ற இயலாது. மணலில் விதையை அழுத்துதல் எவர்க்கும் எளிது. இளையோரை இயற்கையின்பால் ஈர்க்க விழைவோர்க்குப் பாரியைக் காட்டிலும் பெயரறியாத இவ்வன்னையே சிறந்த ஆசிரியை என்பது என் துணிபு.

இன்றைய பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பற்றிய அறிவு குறைவன்று. 1991இல் உச்ச நீதிமன்றம் அப்பாடத்தைக் கல்விக்கூடங்களில் கட்டாயமாக்கப் பணித்தது. தேர்வும் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். குறைவது உறவு ஒன்றே. உறவு உண்டாயின் என்ன நிகழும் என்பதற்குத் தமிழறியாத இமயத்து மகளிரே சான்று. 1974 மார்ச் 26 அன்று சமோலி மாவட்டத்து ரேணி என்னும் சிற்றூரில், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட ஆட்கள் வந்தனர். கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் சென்று தடுத்தனர். அக்காட்டை அவர்கள் தம் பிறந்தகம் என்றே கருதினர். நெய்தற் கரையில் தங்கை. இமயச் சாரலில் தாய்வீடு. நற்றிணையை அவர்கள் கற்றதில்லை. அதன் உள்ளத்தை உடையவராய் இருந்தனர்.

தலைநகரில் வாழும் நாம் என்செய்வது? புன்னை கடற்கரை மரம். தில்லித் தெருவில் அதனைத் தேடிப் பயனில்லை. ஆனால் சங்கப் புலவர் கண்ட வேறு மரங்கள் நம் வாயிலிலேயே நிற்கின்றன. இங்குள்ளோர் அர்ஜுன் என்பது நம் மருதம். ஜாமுன் என்பது நாவல். சேமல் என்பது இலவம். அமல்தாஸ் என்பது கொன்றை. நம் பிள்ளைகள் இம்மரங்களை இந்திப் பெயரால் அறிவர். தமிழ்ப் பெயர்களைப் பாடலில் மட்டும் அறிவர். இரண்டும் ஒன்றே என அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

குறுந்தொகையின் 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கிப் பூத்த கொன்றை மரங்களை அறிவற்றவை என்று தோழி பழித்துத் தலைவியைத் தேற்றுகிறாள். தில்லியிலோ, மழை வருமுன்னரே, கோடையின் கொடுமையில் கொன்றை பொன்னாய்ப் பூத்துத் தொங்குகின்றது. இரண்டையும் அறிந்த மாணவன், ‘தோழி கூறியது மெய்யா? அங்கும் இங்கும் பருவம் வேறா?’ என வினவுவான். அவ்வினாவை எழுப்ப எவ்வுரையாலும் இயலாது; மரத்தடியில் நின்றால் இயலும். மரம் பாடலை விளக்குகின்றது. பாடல் மரத்தைப் பார்க்கச் செய்கின்றது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டை ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடினார் என்பது மரபு. வடபுலத்து மன்னனுக்குத் தமிழ் கற்பிக்கப் புகுந்த அப்புலவர் தம் பாட்டில் தொடுத்த மலர்கள் தொண்ணூற்றொன்பது. வடபுலத்தில் பிறந்து வளரும் நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நாமும் அவ்வழியை எண்ணிப் பார்த்தல் தகும். விடுமுறை நாள் தமிழ் வகுப்பினை மாதம் ஒருமுறையேனும் பூங்காவில் நடத்துவோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் தமிழ்ப் பெயரை அறிந்து, கோடையில் அதற்கு நீர் வார்க்கட்டும். அம்மரத்தைத் தம்பி என்பதா தங்கை என்பதா என்பதை அவர்தம் அன்னையர் முடிவு செய்வர்.