பொட்டமோஸ்: ஆறும் நதியும் வெள்ளமும்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் திறனாய்வுப் பதிப்புகளில் ‘பொட்டமோஸ்’ என்னும் சொல் 17 இடங்களில் பயின்று வருகிறது. இதனைக் குடித்தல் வினையோடு இயைத்து ஸ்ட்ராங் தம் சொல்லடைவில் (1890) தரும் வேர்விளக்கம் ஐயத்திற்குரியது; அதனைப் பற்றிக்கொண்டு பொருள் விரிப்போர் வழக்கை நோக்குவதில்லை. வழக்கிலோ இச்சொல் ஐபிராத்து போன்ற பேராற்றையும் குறிக்கும். மாரிக்காலத்தில் மட்டும் பெருகிப் பாயும் நீரையும் குறிக்கும்.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி முழுமையாக 1871இல் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வொரு சொல்லைப் பலவாகப் பிரிக்கிறது. யோர்தானும் ஐபிராத்தும் ‘நதி’ ஆகின்றன. பிலிப்பி நகர்ப்புறத்து நீர்நிலையும், பவுல் பயணத்தில் எதிர்கொண்ட இடரும் ‘ஆறு’ என நிற்கின்றன. பெயரும் பெருமையும் உடையது வடசொல்லைப் பெறுகிறது. அன்றாட நீருக்குத் தமிழ்ச்சொல்லே போதுமாகிறது. இப்படிநிலை மூலத்தில் இல்லை.

இரு வீடுகளின் உவமையில் சிக்கல் மிகுகிறது. மத்தேயு (7:25) ‘ஆறுகள் வந்தன’ என்னும் பொருள்படக் கூறுவது ‘பெருவெள்ளம்’ எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. கருத்தளவில் இது பிழையன்று. ஆயின் லூக்கா (6:48) வெள்ளத்திற்குப் ‘பிளெம்மூரா’ என வேறொரு சொல்லை ஆண்டு, வெள்ளம் பெருக ஆறு வீட்டின்மேல் மோதியது என வினைமுதலைப் பிரித்துக் காட்டுகிறார். அங்கு ‘பெருவெள்ளம்’ பிளெம்மூராவுக்குச் சென்றுவிட, பொட்டமோஸ் ‘நீரோட்டம்’ ஆகிறது. இரு நற்செய்தியாளர்தம் சொற்றேர்வும் இதனால் மயங்குகிறது. வறண்டு கிடந்த ஆறு ‘வருவதை’ நன்கறிந்த தமிழுக்கு இம்மறைப்பு தேவையே இல்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் மத்தேயுவில் ஆற்றையே பெருக்கெடுக்கச் செய்திருப்பது பொருத்தமானது.

இழப்பு மிகப் பெரிதாவது வெளிப்படுத்தின விசேஷத்தில்தான். விண்மீன் விழுந்து கசப்பானதும் (8:10), கலசம் ஊற்றப்பட்டு இரத்தமானதும் (16:4), இறுதியில் அரியணையிலிருந்து தெளிந்து புறப்படுவதும் (22:1) கிரேக்கத்தில் ஒரே சொல். பழைய மொழிபெயர்ப்பில் கெட்டவை ‘ஆறுகள்’, தெளிந்தது ‘நதி’. கெட்டதன் பெயரே மீட்சிக்கும் பெயராகிறது என்பதைத் தமிழ் வாசகர் உணர வழியில்லை. திருவிவிலியம் 22:1இலும் ‘ஆறு’ என்றே வைத்து இத்தொடர்பைக் காக்கிறது.

மறுதலையாக, மாரிக்காலத்து ஓடையைக் குறிக்கும் ‘கெய்மர்ரோஸ்’ என்னும் சொல்லால் யோவான் (18:1) சுட்டும் கெதரோன், பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆறு’ எனப்பட்டுள்ளது. திருவிவிலியம் அதனை ‘நீரோடை’ எனத் திருத்திக்கொண்டது.